இரண்டரை நட்சத்திரம்

வெள்ளிக்கிழமைப் பக்கத்துக்கு முந்நூறு சொல்.
ஆசிரியர் கேட்டது அவ்வளவுதான்.
தார்த்துவில் மார்ச் மாதம். ஜன்னலுக்கு வெளியே
பனி அழுக்காகி, போகவும் மனமில்லாமல் கிடந்தது.

பதினோரு ஆண்டு, மாலை ஐந்தரைக்கு,
மஞ்சள் மழைக்கோட்டு மாட்டி
ஒரு துணி முள்ளெலியோடு பேசியவள்
லீலோ வாரிக்.
இப்போது நாற்பத்தொன்று. கறுப்பு அட்டை, பத்துப் பாட்டு.
மூன்றில் ஒருவன் விட்டுப் போகிறான்,
ஒன்றில் அவளே போகிறாள்.

தாலினில் ஒருவர் முந்திக்கொண்டார்:
“முள்ளெலி இதைவிட நன்றாகப் பாடியிருக்கும்.”
ஊரே சிரித்தது. நானும்.
இன்னொருவர் இரண்டாம் பாட்டின் கெட்ட வார்த்தைகளை
எண்ணிப் பார்த்து, ஏழு என்றார்.
வானொலிக்காரி மட்டும் “துணிச்சல்” என்றாள்.
எங்கள் தொழிலில் அது
மூன்று நட்சத்திரத்துக்கு மரியாதைப் பெயர்.

ஹெட்போனை மாட்டினேன்.
குறைக்குப் பஞ்சமில்லை.
சிந்தசைசர் பழைய ஃப்ரிட்ஜ்போல உறுமியது.
மேல் ஸ்தாயியில் குரல் எட்டவில்லை,
எட்டியதாக நடித்தது.
எல்லாம் எழுதினேன்.

ஆறாம் பாட்டில் ஒரு கேள்வி:
“இன்னும் அங்கேதான் நிற்கிறாயா?”
அப்புறம் இசையே இல்லை.
நான்கு விநாடி.
ஒலிக்கலவைப் பிழை என்று குறித்தேன்.
குறித்த பிறகுதான் தெரிந்தது,
என் வாய் பாதி திறந்திருக்கிறது.

“நரி எந்தப் பக்கம் ஓடிச்சு?” என்று கேட்டு
கேமராவைப் பார்த்துக் காத்திருப்பாள்.
நாடு முழுக்கச் சமையலறைகளில் கத்துவோம்.
நான் இடம் என்பேன், தங்கை வலம் என்பாள்.
“ரொம்பச் சரி!” இருவருக்கும் வரும்.

நான்காவது விநாடியின் முடிவில்
கரகரத்த ஆண்குரல் ஒன்று, “ம்” என்கிறது.
‘தேவையற்ற குரல், வெட்டியிருக்கலாம்’
எழுதி அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமைதான் உறைக்குள்ளிருந்த தாளைப் பிரித்தேன்.
பொடி எழுத்தில்: பின்குரல், என்டெல் கூஸ்மெட்ஸ்.
பதினோரு ஆண்டு மேசைக்கடியில் மல்லாந்து படுத்து
முள்ளெலிக்குள் கை விட்டிருந்தவர்.

ஆசிரியரை அழைத்தேன்.
திருத்தம் ஒன்று போட வேண்டும் என்றேன்.
“எதை? பேர் தப்பா, தேதி தப்பா?”
இரண்டும் இல்லை.
மூலையில் ஃப்ரிட்ஜ் உறுமியது.
“ஹலோ,” என்றார், “லைன்ல இருக்கியா?”