நடுக்கோடு

மஞ்சள் தாளின் நடுவே
மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டுத் தந்தார்
பிரேடி நகர வங்கியின் ஹோலிஸ் பர்டன்.
"இந்தப் பக்கம் லாபம், அந்தப் பக்கம் நஷ்டம்.
நிரப்பிக்கொண்டு வா, வெர்னா.
கடனை அப்புறம் பேசுவோம்."

விவாகரத்தில் டுவேனுக்குப் படகு போனது,
எனக்கு முப்பத்தொரு நெடுங்கொம்பு மாடுகள்.
படகு தீனி கேட்காது
என்பதை எந்தப் பக்கம் எழுதுவது?

நஷ்டத்திலிருந்து தொடங்கினேன், அது சுலபம்.
சந்தை வளையத்துக்குள் என் காளைக்கன்று நுழைந்ததும்
ஏலக்காரரின் தொண்டை இறங்கிவிடுகிறது.
அதே வயது, அதே புல்,
பக்கத்துப் பண்ணை ராய்ஸின் கறுப்பு ஆங்கஸ் கன்றுக்குக் கிடைப்பதில்
பாதிக்குக் கொஞ்சம் மேல்.
"எலும்பு, தோல், கொம்பு" என்கிறார்கள் வாங்குகிறவர்கள்.
நானும் உற்றுப் பார்த்தேன்.
எலும்பு, தோல், கொம்பு.

பன்னிரண்டு ஏறும் டிரெய்லரில் ஏழுதான் ஏறும்.
ஊசி போடும் இரும்புக் கூண்டுக்குள்
முதலில் இந்தக் கொம்பு, தலையைச் சாய்த்து அந்தக் கொம்பு,
குறுகிய வாசலில் சோபாவை நுழைப்பதுபோல,
சோபா நம்மைத் திருப்பி உதைக்கவும் செய்தால்
எப்படியோ அப்படி.
ஒருத்தி வைக்கோல் வளையத்தில் கொம்பை மாட்டிக்கொண்டு
ஒரு காலைப்பொழுது முழுக்க
மேய்ச்சல் நிலத்தை உழுதாள்.

மார்ச் ஒன்பது.
தண்ணீர்த் தொட்டியருகே டச்சஸ் தலையைத் திருப்பினாள்,
ஈ ஒன்றை விரட்ட.
பக்கத்தில் என் குதிரை நின்றிருந்தது.
விலை எழுதவில்லை. தேதி மட்டும்.

சரி, லாபம்.
சப்பாத்திக்கள்ளியைத் தின்னும். மெஸ்கீட் காயைத் தின்னும்.
ராய்ஸ் லாரி லாரியாய்த் தீனி இறக்கிய வறட்சியில்
இவை முட்புதருக்குள் போய்
வயிறு நிறைந்து வந்தன.
என் வீட்டுக்கு மாட்டு வைத்தியர் எஸ்கமியா வருவது
பீச் பழம் வாங்க மட்டும்.

பிப்ரவரியில் பனிக்கட்டி மழை.
மூன்று நாள் மின்சாரம் இல்லை.
ராய்ஸின் கொட்டகையில், டார்ச் வெளிச்சத்தில்,
வெளிவராத கன்றுகளின் காலில் சங்கிலி கட்டி இழுத்தோம்.
நான்கில் இரண்டு பிழைத்தன.
ஒரு தாய் பிழைக்கவில்லை.
ராய்ஸ் கையைக் கழுவவே மறந்து உட்கார்ந்திருந்தான்.

விடிகாலை என் வேலிக்குள் திரும்பினால்,
ஜூனிப்பர் மறைவில் டச்சஸ், பத்தொன்பது வயது,
அவள் மடியில் முட்டிக்கொண்டு
நக்கி உலர்த்திய கன்று ஒன்று.
கொம்பின் இரு முனையிலும் பனிக்கட்டி தொங்க
என்னைப் பார்த்தாள்,
இங்கே உனக்கென்ன வேலை என்பதுபோல.
கயோட்டிகளின் தடம் அவளை நோக்கி வந்து
இருபதடி தள்ளி
திரும்பிப் போயிருந்தது.

இதற்கு என்ன தொகை போட?
"ஓரிரவுத் தூக்கம்" என்று எழுதி,
அடித்தேன்.
அந்த இரவு நான் எங்கே தூங்கினேன்?

ஆஸ்டினிலிருந்து உணவகக்காரன் ஒருவன் வந்தான்.
சுவரில் மாட்ட மண்டையோடு வேண்டுமாம்.
டச்சஸைச் சுற்றி வந்து, கைகளை விரித்து அளந்து,
கறிக்குக் கிடைக்காத விலையைச் சொன்னான்.
"அவசரமில்லை, முன்பணம் தருகிறேன்."
அவள் அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.
அந்தத் தொகையை இரு பக்கமும் வழிய
கோட்டின் மேலேயே எழுதினேன்.
அவனுக்குப் பதில் இன்னும் சொல்லவில்லை.

ஹோலிஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ராய்ஸ்கூட ஒழுங்காக நிரப்பித் தந்தான்.
உனக்கு மட்டும் என்ன, கொம்பா முளைத்திருக்கிறது?"

"முப்பத்தொரு ஜோடி" என்றேன்.
"கன்றுகளுக்கு இனிமேல்தான்."

கேட்டதில் பாதி கொடுத்தார்.
டிரெய்லர் வாங்கினேன், பழையது, கொஞ்சம் நீளம்.
எட்டு ஏறும்.