இடது கைக்குச் சொல்லாதது

வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று
போதகர் வாசிக்கும்போதெல்லாம்
வாங்குகளில் இரண்டு பேராவது என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.
என் இடது சட்டைக்கை
முழங்கைக்கு மேலே மடித்து ஊசி குத்தியிருக்கும்.
எனக்கு மட்டும் இந்தக் கட்டளையை
இலேசாக்கித் தந்திருக்கிறார் என்று நானும் சிரித்துக்கொள்வேன்.

சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலையில்
பட்டி இழுத்துக்கொண்டு போன கை அது.
கல்முனை ஆஸ்பத்திரியில் மூன்று போத்தல் இரத்தம் ஏற்றினார்கள்.
ஒன்று தம்பியுடையது.
மற்ற இரண்டும்?
"ரெண்டு பேர் வந்தாங்க, படுத்தாங்க,
தேத்தண்ணி குடிச்சாங்க, போயிட்டாங்க" என்றாள் தாதி.

இப்போது அடகுக் கடை வாசலில் காவல்.
நீலச் சட்டை, விசில், ஒரு பிளாஸ்ரிக் கதிரை.
ஏலத்துக்குப் போகும் நகைகளின் பட்டியலைக்
கண்ணாடியில் ஒட்டுவதும் நான்தான்.
பதினேழாம் வரிசையில் தவமலர்:
ஒரு சோடித் தோடு, நான்கு கிராம்.
பெரியநீலாவணையில் தயிர் விற்கிறவள்.
வெயிலில் நிற்கச் சொன்னதற்காக
ஊரே பார்க்க என்னை ஒற்றைக் கையன் என்று ஏசினவள்.
தோடு கழன்ற மகளின் காதில்
ஈர்க்குத் துண்டு செருகியிருந்ததைக்
கதவு திறந்துவிட்டபோது பார்த்தேன்.

ஓட்ட முடியாமல் சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளை விற்று
வட்டியைக் கட்டினேன்.
"யார்ர பேர்ல எழுத?" என்றாள் காசாளர் நிஸ்மியா.
எழுத வேண்டாம் என்றேன்.
ஒரு கணம் பார்த்தாள்,
முத்திரையைக் குத்தினாள்.

சலோமிக்கு மட்டும் சொன்னேன், சைக்கிளைக் கேட்டாளே.
"சரி, பரலோகத்தில எழுதியிருக்கும்" என்றாள்.
அங்கேயும் ஒரு பேரேடா, சலோமி?
பகல் முழுக்க வட்டிக் கடையில் இருந்துவிட்டு
சாகும்போதும்
துண்டை நீட்டிக்கொண்டா நிற்பது?

மாதத்தின் முதல் ஞாயிறு
சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குவளையில்
திராட்சைச் சாறு வரும். குடிப்பேன்.
யாரோ சிந்தியது எனக்குள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது.
வேலைக்கு வருமுன்பே
கூலி முழுவதும் கைக்கு வந்துவிட்டது.
திருப்பிக் கொடுக்கிறேன் என்றுகூடச் சொல்ல முடியாது.
யாரிடம்?
எந்தக் கவுண்டரில்?

இவ்வளவும் தெரிந்தவன்தான்.
ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
தவமலர் சட்டித் தயிரோடு வந்த அன்று
நேரே உள்ளே போய்
மனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.
"ஐயா செஞ்ச உதவிய சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்."
ஐயா ஒரு நொடி யோசித்தார்.
பிறகு, "பரவாயில்ல பிள்ள" என்றார்.

அப்போது அரித்தது இடக்கை.
இல்லாத விரல்கள் ஐந்தும்,
இல்லாத உள்ளங்கையும்.
ஆறு வருடத்தில் அப்படி அரித்ததில்லை.
ஆக, அதற்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.
ஆலைக்குள் அரைபட்டுப் போன பிறகும்
அதற்கு ஒரு நன்றி வேண்டியிருந்தது.

"இதக் கொண்டுபோய் கார்ல வை" என்றார் மனேஜர்.
சட்டியை இடுப்போடு அணைத்துத் தூக்கினேன்.
"பாத்துப் போ, ஒத்தக் கையால போட்டு உடைச்சிராத!"
பின்னாலிருந்து கத்தினாள் தவமலர்.

உடையவில்லை.
படி இறங்கும்போது கொஞ்சம் தளும்பி
மடித்துக் குத்திய இடது சட்டைக்கையில் வழிந்தது.
அதற்கு அது போதும்.