எட்டாம் மாடி

வார்டு ஆபீஸில் முதலில் விலாசம் கேட்டார்கள்.
விலாசம் இருந்தால் சிபாரிசுக் கடிதம்,
கடிதம் இருந்தால் ஆஸ்பத்திரியில் இலவசச் சீட்டு,
சீட்டு இருந்தால்
வாரம் இரண்டு முறை அவர் ரத்தத்தைக் கழுவித் தருவார்கள்.
பசுண்டௌங் ஓடையோரம் இருந்ததைப்
பங்குனியில் இடித்துவிட்டார்கள்.
குடும்பப் பட்டியலில் வீட்டு எண் அப்படியே இருக்கிறது.
மேலே சிவப்பு முத்திரைகூட அழியவில்லை.

ஆறு மாத வாடகை முன்பணம் என்றான் தரகன்,
வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கி.
யார் பேரில் எழுத?
என் வீட்டுக்காரர் பேரில். அடைக்கலம்.
அவன் சிரிக்கவில்லை, அவனுக்குத் தமிழ் தெரியாது.
நான்தான் சிரித்தேன், இரண்டு நாள் கழித்து,
விடியக்காலை பட்டாணி அவிக்கும்போது, தனியாக.

சமூகநல ஆபீஸில் மூன்றாம் சன்னல்
மத்தியானத்துக்கு மேல் திறக்காது.
நாலாம் சன்னலில் நகல் கேட்பார்கள்,
கொடுத்தால் அந்த நகலுக்கு ஒரு நகல்.
எந்தச் சுவரிலும் இதை எழுதி ஒட்டவில்லை.
"மா மியா தான்!" என்று கூப்பிட்டபோது
நான் திரும்பவில்லை.
செங்கமலம் என்றே அறுபது வருஷம் பழகிவிட்டது.
"உன்னைத்தான்" என்று முதுகில் தட்டினாள் ஹமீதா பீ.
வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள்.
சன்னல் கணக்கெல்லாம் அவள் சொன்னதுதான்.
அவளுக்கு யாரோ சொன்னார்களாம்.
இன்னொன்றும் சொன்னாள்:
அவள் தெருவில் ஒரு அறை காலி.
லிஃப்ட் கிடையாது, யாரும் ஏறமாட்டார்கள்,
பாதி வாடகை.

நூற்று நாற்பத்திரண்டு படி.
எண்ணிக்கொண்டே ஏறி, நடுவில் எண்ணிக்கை விட்டு,
இறங்கும்போது மறுபடி எண்ணினேன்.
நோயாளியை வைத்துக்கொண்டு இது ஒரு வீடா என்றாள் நாத்தனார்.
இது விலாசம் என்றேன்.
எட்டாம் மாடிதானே, எட்டாத மாடி இல்லையே.
அவள் பதில் பேசவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

கோயில் கமிட்டி நேரில் வரச்சொன்னது.
மூன்று தடவை நேரில் போனேன்.
கொஞ்சம் கொடுத்தார்கள், ரசீதோடு.
மீதிக்குத் தோடு போயிற்று.
காதில் ஈர்க்குச்சி.

செவ்வாயும் வெள்ளியும் அவரை
நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து
சைக்கா ஓட்டும் பையன்கள் இரண்டு பேர் இறக்குவார்கள்.
ஏழாம் மாடியில் ஒரு மூச்சு, ஐந்தில் ஒரு மூச்சு.
நாலாம் மாடிக்காரி சொம்பில் தண்ணீர் வைத்திருப்பாள்,
பையன்களுக்கு. அவருக்கு அளவுத் தண்ணீர், அதை நான் வைத்திருக்கிறேன்.
மூன்றாம் மாடியில் எங்கள் சத்தம் கேட்டதும்
கதவைச் சாத்துகிறார்கள்.

மற்ற நாளெல்லாம் கயிறு.
இந்தத் தெருவில் எல்லா பால்கனியிலிருந்தும் தொங்குகிறது,
நுனியில் ஒரு கிளிப், ஒரு சின்ன மணி.
கீழே நின்று ஆட்டுவேன்.
மருந்து போகும், மிச்சப் பட்டாணி போகும்.
ஊசி ஏறும் இடக்கையால் பாரம் இழுக்கக்கூடாது.
வலக்கையால் இழுத்து, பல்லால் கடித்துப் பிடித்து,
மறுபடி வலக்கை.
ஒருநாள் கிண்ணம் திரும்பி வந்தது, உள்ளே ஒரு துண்டுக் காகிதம்:
உப்பு போட்டிருக்கிறாய்.

ஐப்பசியில் ஆறு மாதம் முடிகிறது.
தரகன் இப்போதே போன் செய்கிறான்.
எடுக்கவில்லை.

இன்று காலை கீழே ஒரு பெண்,
இடுப்பில் குழந்தை, கையில் பிளாஸ்டிக் கவர்,
ஹமீதா பீ அனுப்பினாளாம்.
நான் அடுப்படியை விட்டு நகர முடியவில்லை.
மேலே பார்த்து ஒரு குரல் கொடு என்றேன்.
கொடுத்தாள்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு மணி, ஒவ்வொரு மாடிக் கம்பியிலும் இடித்து
இறங்கி வந்தது.
கிளிப்பில் மருந்துச் சீட்டின் முதுகு, அவர் கையெழுத்து, பர்மீஸில்:
நாலாம் சன்னல். பத்து மணிக்கு முன்னால்.
நகல் மூன்று.
குடை கொண்டு போ.