முசாஃபா, மருத்துவப் படிவம்

புகை? இல்லை.
மது? இல்லை.
பாக்கு? எப்போதாவது.
அடுத்து சர்க்கரைக்குத் தாவிவிட்டது படிவம்.

மேல்கட்டிலில், போர்வைக்குள்,
மூன்று மணிவரை எரிந்த வெளிச்சத்துக்கு
அதில் கட்டமில்லை.

வீடியோவில் வந்த பவுலின்
பிள்ளைக்குப் பல் விழுந்ததைக் காட்டினாள்.
போனை எப்போது வைப்பாள் என்றிருந்தது.

நேற்று சாரத்தில் கண்சொருகி
ஒரு கால் காற்றில் போனது.
பெல்ட் பிடித்தது.
ஃபோர்மேன் ‘வெயில்’ என்று எழுதிக்கொண்டான்.

கீழ்க்கட்டில் சகுபர் சொல்கிறான்:
இதெல்லாம் நோயில்லடா,
ரெண்டு வருசத் தனிமை. ஊருக்குப் போனா சரியாயிடும்.

போன லீவில் போனேனே.
அவள் தூங்கியபின்
மொட்டைமாடியில் சிக்னல் தேடினேனே.
அதை அவனிடம் சொல்லவில்லை.

டாக்டர் பேனாவை மூடுகிறார்.
வேறெதாவது?
பெயர் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.
தூக்கம் வரல சார் என்றேன்.

அஞ்சு மாத்திரை.