தொண்ணூற்றேழு டிகிரி

கருங்கலில் ஆனி மாதம்.
கொடியில் துணி மூன்று நாளாய்க் காயவில்லை.
மேசைமேல் இது மட்டும்
காய்ந்துகொண்டிருந்தது.

ஒரு சீட்டுப் பணம், அடகு வைத்த ஒரு செயின்,
வீட்டு பிளான் வரைந்து கொடுத்த பன்னிரண்டு பேரின் பாக்கி
(ஒன்பது பேர்தான் தந்தார்கள்).
எல்லாம் சேர்த்து வாங்கியதைக்
கம்ப்யூட்டர் என்று சொல்ல முடியாது அப்போது.
நாகர்கோவிலிலிருந்து திங்கள்சந்தை வழி பஸ்ஸில்
மடியில் ஏழு அட்டைப்பெட்டி.
பள்ளம் வரும்போதெல்லாம்
நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்,
அதற்கு அடிபடாமல்.

முதல் நாள் மூச்சே விடவில்லை.
இரண்டாம் நாள் மூன்று தடவை கூவியது.
மூன்று கூவல் என்றால் நினைவகம் ஒட்டவில்லை,
கையேட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது.
கழற்றினேன். பொன் பூசிய பற்களைப்
பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்தேன்.
குலசேகரத்துப் பாலில் செய்ததாகக்கூட இருக்கும் அந்த ரப்பர்.
இரண்டு கட்டைவிரலாலும் அமுக்க,
மூட்டில் எலும்பு இறங்குகிற சத்தம்.
திரை வெளுத்தது.

ஒரு மாடிப்படி வரைவதற்குள் அணைந்தது.
மறுபடி போட்டேன்.
பால்கனிக் கைப்பிடி வருமுன் அணைந்தது.
மூலையில் ஓடும் எண்ணை அப்போதுதான் பார்த்தேன்:
தொண்ணூற்றேழு.

தோஹாவிலிருந்து பிரிஜின் கூப்பிட்டான்.
"இங்க சைட்டுல நாப்பத்தேழாக்கும்.
நாங்க நிக்கல்லியா?"
அணைஞ்சு போக மெஷினுக்கு உரிமை இருக்குடா
என்று சொல்ல வந்தேன்.
சொல்லவில்லை.
சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

பக்கப் பலகையைக் கழற்றிப் போட்டேன்.
மேசை விசிறியைக் கயிற்றால் கட்டி நிறுத்தினேன்.
ஜன்னல் திறந்தால் சாரல், மூடினால் புழுக்கம்.
மிடாலம் பக்கமிருந்து வரும் கடற்காற்றை
ஓரிரவு நம்பினேன்.
விடிந்தபோது எல்லாவற்றின் மேலும்
உப்புப் பிசுக்கு.

பசையை மாற்றினேன்.
முதலில் பட்டாணி அளவு. பிறகு அரிசி அளவு.
பிறகு கோபத்தில்
கோயில் சந்தனம்போல் அப்பினேன்.
தொண்ணூற்றாறு.

கடைக்குப் போன் செய்தேன்.
"நீங்களே சேத்ததா? வீட்டில ஆளு யாரும் இல்லியா?"
ஆள்தான் பேசுகிறது என்றேன்.
"கொண்டு வாங்க, பாக்கலாம்" என்றார்.
கொண்டு போகவில்லை.

பதினோராம் இரவு
நான்காம் முறையாகப் பசையைத் துடைக்கும்போது
கரண்ட் போயிற்று.
போன் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தேன்.
செம்பின்மேல் ஒரு மினுக்கம்.
செம்புக்கு அந்த மினுக்கம் கிடையாது.
நகத்தால் ஓரத்தைச் சுரண்ட
எழும்பி வந்தது
கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல்.
எறும்பெழுத்தில் அதிலேயே அச்சிட்டிருந்தது:
பொருத்துமுன் உரிக்கவும்.

நான்கு தடவையும் இதன்மேல்தான் தடவியிருக்கிறேன்.
சூட்டுக்கும் செம்புக்கும் நடுவில்
ஒரு மிட்டாய்த்தாள்.
வானிலையைத் திட்டியிருக்கிறேன்,
விற்றவனைத் திட்டியிருக்கிறேன்,
ஒரு பல்லியைக்கூட.
அறையில் யாருமில்லை.
ஆனாலும் முகம் சுட்டது.
நல்லவேளை, அதை அளக்க
மூலையில் எண் எதுவும் ஓடவில்லை.

கரண்ட் வந்தது இரண்டேகாலுக்கு.
முப்பத்தொன்பது. நாற்பத்தொன்று.
நாற்பத்துமூன்று.
அங்கேயே நின்றது, நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.
மாடிப்படி முடிந்தது. பால்கனி முடிந்தது.
மாத்திரவிளைக்காரர் வீட்டு முற்றத்தில்
அவர் கேட்காத ஒரு மாமரமும் வைத்தேன்.

தோலைப் படமெடுத்துப் பிரிஜினுக்கு அனுப்பினேன்.
"இது என்னவாக்கும்?"
வந்தபிறகு சொல்கிறேன் என்று எழுதினேன்.

முன்பக்கப் பொத்தான் இன்னும் வேலை செய்யவில்லை.
எந்த வயர் என்று தெரியும்.
பார்க்கலாம், பார்க்கலாம் என்று இருக்கிறேன்.
காலையில் கட்டஞ்சாயா குடித்ததும்
ஸ்க்ரூடிரைவர் முனையால்
உள்ளே இரண்டு ஊசிகளை ஒருசேரத் தொடுவேன்.
பொறிகூடப் பறக்காது.
மூன்று விசிறியும்
எழுந்துகொள்ளும்.