மேலும் காண்க

குயின் ஸ்ட்ரீட்டில்
பணமாற்றுக் கடைக்கு மேலே ஓர் அறை.
ஜன்னலுக்கு வெளியே ஏர்கோன் சொட்டுகிறது.
உள்ளே நான்
செத்தவர்களுக்குப் பிறந்த தேதி தேடுகிறேன்.

படிவத்தில் பதினேழு கட்டங்கள்.
தகப்பன் பெயரை விட்டுவிடலாம்,
தொழிலை, சொந்த ஊரைக்கூட.
இறந்த ஆண்டை மட்டும் விட முடியாது,
கட்டம் சிவந்து கத்தும்.
ஆள் போய் ஐம்பது வருஷம் முடிந்தால்தான்
புத்தகத்தைப் பொதுவில் திறக்கலாம்.
ஆகவே இந்த வேலைக்கு வந்த நாள்முதல்
நல்ல எழுத்து எதைப் பார்த்தாலும்
இவர் இன்னும் கொஞ்சம் சீக்கிரம்
போயிருக்கக் கூடாதா என்கிறது மனம்.
பிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிறது.

பதிவு 212: தீவுக்காரன்.
பதிவு 213: அக்கரையான்.
ஐம்பத்திரண்டில் தொடங்கி
ஒரு வார இதழில் இருபத்தாறு மாதம் சண்டை.
எதுகை இல்லாததும் ஒரு பாட்டா என்பார் இவர்.
எதுகை கிடைத்ததென்று
மாமியாரைச் சாமியார் ஆக்கியவர் நீர் என்பார் அவர்.
இவர் கடித உறையில் பினாங்கு முத்திரை,
அவருடையதில் பட்டர்வொர்த்.
உறைகளையும் பத்திரமாய் வைத்திருந்த
இதழாசிரியர் புண்ணியவான்.
அக்கரையான் தாள்களில் மட்டும்
ஓரத்தில் பென்சில் திருத்தங்கள்.
இதழாசிரியர் கை என்று பதிந்தேன்.

தீவுக்காரன் 'சுவற்றில்' என்று எழுதுகிறார்.
அக்கரையானும் 'சுவற்றில்'.
ஊரே செய்யும் பிழை, கடந்துவிட்டேன்.
பிறகு அந்த ஆகஸ்டு.
மூன்று வாரம் இருவருமே எழுதவில்லை.
திரும்பி வந்ததும் இவருக்கு டைபாய்டாம்,
அவருக்கு வெளியூர்ப் பயணமாம்.
ழகரத்தின் வால்
இருவருக்கும் ஒரே மாதிரி இறங்கிக்
கீழ்வரியைத் தொடுகிறது.

ஒரே ஆள்.
வெல்ட் கீயில் ரப்பர் நிறுத்துக் கணக்கெழுதிய
த. கூத்தபிரான்.
பகலெல்லாம் தராசின் முள்ளைப் பார்த்திருந்தவர்
ராத்திரியில் இரண்டு தட்டிலும்
தானே ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

ஆயர் ஈத்தாமில் மகள் இருந்தார், தில்லைநாயகி.
"அப்பா தவறினது எந்த வருஷங்க?"
"பாலம் தொறந்த வருஷம். தீபாவளிக்கு மறுவாரம்."
எண்பத்தைந்து.
அக்கரை என்று ஒன்று இல்லாமல் போன வருஷம்.
கூட்டிப் பார்த்தேன்.
2035 முடியும்வரை இரண்டு புத்தகத்துக்கும் பூட்டு.

"கடிதம் போட வாராவாரம் அக்கரைக்குப் போவாரா?"
சிரித்தார்.
"அவருக்கு ஃபெர்ரின்னாலே தலை சுத்தும்.
அம்மாதான் போவாங்க, செவ்வாக்கிழமை,
என்னையும் இழுத்துக்கிட்டு.
பத்துக் காசு டிக்கட்,
எனக்கு ஒரு சுருள் கச்சாங் பூத்தே.
படகு நடுக்கடல்ல நிக்கிற மாதிரி இருக்கும் பாருங்க,
அப்ப உறையைப் பிரிப்பாங்க.
வாசிச்சிட்டு, பென்சில்ல எதையாவது அடிச்சு
எதையாவது எழுதுவாங்க.
சோத்துப் பருக்கை முடிச்சு வச்சிருப்பாங்க,
திரும்ப ஒட்ட.
அந்த மாமியார் சாமியார் அம்மாவோடது.
அச்சுல பாத்துட்டுத்தான் அப்பா சிரிச்சாரு.
மாமியார் யாருன்னு நெனைக்கிறீங்க,
அப்பாவைப் பெத்தவங்கதான்."

எதிர்முனையில் குக்கர் மூன்றுமுறை கத்தியது.
"அம்மா பேரு செங்கமலம்.
எழுதிக்கங்க, இடம் இருக்கா?"

திரையில்:
212, 213 ஒரே நபர் எனில் இணைக்கவும்.
கர்சர் மினுக்குகிறது.
பதினேழு கட்டத்தில்
மனைவிக்குக் கட்டம் இல்லை.
படகில் போனவருக்கும் இல்லை.

இணைக்கவில்லை.
214 திறந்தேன். செங்கமலம்.
மேலும் காண்க: 213.
அடுத்த கட்டம் சிவந்தது. கேட்க மறந்திருந்தேன்.

மறுபடி அழைக்கிறேன்.
மணி போய்க்கொண்டே இருக்கிறது.
பெரிய எண்ணாகச் சொல்லுங்கள், தில்லைநாயகி.
புத்தகம் பூட்டியே கிடக்கட்டும்.