பதிவேட்டில் ஒரு வரி

தகரக் கூரைமேல் மூன்றாம் நாளாக மழை.
ஆறு பேர் படுக்கும் குடிலில்
நாங்கள் இரண்டு பேர், அப்புறம் ஒரு எலி.
தெற்குத் தீவின் மேற்குச் சரிவில்
மேகத்துக்கு வேறு போக்கிடம் இல்லை.
ஃபெர்கஸ் தன் காலுறையை அடுப்பின்மேல்
திருப்பித் திருப்பிப் போடுகிறான்.
ஒரு பக்கம் கருகல், ஒரு பக்கம் ஈரம்.

நாளை திங்கள், பால் தொழிற்சாலையில்
அவனுக்குக் காலை முறை.
சாலை முடியும் இடத்தில் கார் நிற்கிறது.
நடுவில் ஒரு ஆறு மட்டும்தானே என்கிறான்.
அந்த ‘மட்டும்’ எத்தனை லேசாக வருகிறது அவன் வாயில்.

விடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.
முதல் நாள் அடுப்புக்கரியால் நான் கோடு போட்ட பாறை
மறுநாள் பாதி தெரிந்தது.
இன்று பாறையே இல்லை.
அது இருந்த இடத்தில் தண்ணீர்
ஒருமுறை தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறது.
பால் கலந்த தேநீரின் நிறம்.
அடியில் கற்கள் உருளும் சத்தம்,
மாடியில் யாரோ நள்ளிரவில் பீரோவை நகர்த்துவதுபோல.

தலைக்குமேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
தலைவரை வரவே வேண்டாம்.
இந்தக் குளிரில் தொடை போதும்.
முழங்காலுக்கும் தொடைக்கும் நடுவே
ஒரு சாண்தான் இருக்கிறது, ஃபெர்கஸ்.

கைகோத்துக் கடக்கலாம் மெரியானா,
நான் மேல்பக்கம், நீ கீழ்ப்பக்கம்,
பையின் மார்புவாரைக் கழற்றிவிட்டால் போயிற்று என்கிறான்.
ஒன்றும் தப்பில்லை.
எல்லாம் தெரிந்தவன்தான்.

மேசையில் பதிவேடு,
நூலில் கட்டிய பென்சில்.
பெயர், தேதி, எத்தனை பேர், அடுத்து எங்கே.

நவம்பர் 14. க்ளாரிஸ், ஹேமி.
ஆறு கணுக்கால் அளவு. கீயா கிளி
ஹேமியின் ஒரு செருப்பைத் தின்றுவிட்டது.

டிசம்பர் 2. பள்ளிப் பிள்ளைகள் ஒன்பது பேர்.
கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் தேவை.

ஜனவரி 20. லோயிக், தனியாக.
மழை விடும்போல் இருக்கிறது.
மதியத்துக்குள் கடந்துவிடுவேன்.

‘மதியத்துக்குள்’ என்பதற்கு அடியில் ஒரு கோடு.
நேரான, அழகான கோடு.

ஜனவரி 25. தேடுதல் குழு. நான்கு பேர். இரண்டு இரவு.
விறகு வெட்டி வைத்திருக்கிறோம்.

அவ்வளவுதான்.
பக்கம் திரும்பினால் பிப்ரவரி,
யாரோ ஒரு குடும்பம், நல்ல வெயில், சீட்டாட்டம்.

நான் எதுவும் சொல்லவில்லை.
ஏட்டை அவன் பக்கம் தள்ளினேன்.
வாசித்தான்.
காலுறை புகைய ஆரம்பித்ததும் எடுத்தான்.
பிறகு, ஓட்ஸ் எவ்வளவு இருக்கிறது என்றான்.

நான்கு கோப்பை. எரிவாயு,
குலுக்கினால் கொஞ்சம் சலசலக்கிறது.
ஆணியில் தொங்கும் மஞ்சள் கருவியை
அவன் ஒருமுறை பார்த்தான்.
அந்தப் பொத்தான் உயிர் போகும்போது அழுத்த,
வேலை போகும்போது அல்ல.
என் தங்கை வீட்டு ஃப்ரிட்ஜில்
நான் எழுதிக் கொடுத்த தாள் ஒட்டியிருக்கும்:
‘புதன் இரவு ஒன்பதுவரை கவலைப்படாதே.’
ஞாயிறு வந்துவிடுவோம் என்றுதான் கிளம்பினோம்.
புதன் என்று எழுதியதற்கு அன்று சிரித்தவனும்
இவன்தான்.

திங்கள் முழுக்கத் தூங்கினான்.
எலி அவன் பாலாடைக்கட்டியைக் கண்டுபிடித்தது.
மாலையில் மழை நின்றபோது
எங்களுக்குத் தெரியவில்லை.
பீச் மரங்கள் இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன.

செவ்வாய்க் காலை தண்ணீர் பச்சை.
பாறை இருந்தது, கோடு அழிந்திருந்தது.
கையிருந்த விறகை அடுக்கிவிட்டு எழுதினேன்:
மார்ச் 14. இருவர். நான்கு இரவு. காத்திருந்தோம்.
அடியில் ஃபெர்கஸ் சேர்த்தான்:
எலிக்குச் செடார் பிடிக்கும்.

ஆற்றின் நடுவில் பேச்சில்லை.
அவன் கை என் பைவாரை
விரல் வெளுக்கப் பிடித்திருந்தது.
முழங்கால்.
முழங்காலுக்கு ஒரு விரல் மேலே.
இன்னும் ஒரு விரல்.
மறுபடி முழங்கால்.